எதிரிக் கூடாரத்தில் எத்தனை முகம்?

நம்ம நாமக்கல், சேலம் பக்கத்து நோம்பிகளில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். 'கர்ண மோட்சம்' ஆடும் ராத்திரி, கர்ணன் சாயும்போது கண் கலங்காதவர் குறைவு. அவனோ கௌரவர் பக்கத்து ஆள்! எதிரி செத்தால் நாம் ஏன் அழணும்?

இந்தக் கேள்வி ஒரு விளையாட்டுக்கும் உதவும். மேசையைச் சுற்றி நாலஞ்சு பேர். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் பகடை சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி. அதில் 'ஓர்க்' என்றொரு இனம். 1977-ல் வந்த கையேடு அந்த இனத்தையே 'தீயது' என்று குறித்தது. பிறவியிலேயே கெட்டவன் என்றால் யோசிக்க என்ன இருக்கு? வெட்டு, அடுத்த அறைக்குப் போ! நிஜ மக்களை இழித்துப் பேசியதன் சாயல் இதில் இருக்கிறது, மாற்றுகிறோம் என்று 2020-ல் அந்த நிறுவனமே அறிவித்தது.

பாரதத்தைப் பாருங்கள். பீஷ்மரைக் கட்டியது வாக்கு. துரோணரைக் கட்டியது உண்ட சோறு. துரியோதனனின் தம்பி விகர்ணனோ சபையில் திரௌபதிக்காக வாதாடினான். ஆனாலும் அண்ணன் பக்கமே நின்று மடிந்தான். கூடாரம் ஒன்று, காரணம் வேறு வேறு.

கர்ணன் கதை இன்னும் ஆழம். வில்வித்தை அரங்கில் அவனிடம் திறமையைக் கேட்கவில்லை, குலத்தைக் கேட்டார்கள். தலைகுனிந்தவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தவன் துரியோதனன். எதிரிக் கூடாரத்துக்கு ஆள் சேர்வது இப்படித்தான்!

ஆகவே, கதை நடத்தப்போகும் நண்பரே, ஏரி மடையை அடைத்து ஊரை மிரட்டும் ஒரு கும்பலை உருவாக்குகிறீர்களா? தலைவனுக்குப் பேராசை இருக்கட்டும். ஒருவன் கடனுக்காக வந்தவன், ஒருவன் அதே ஊர் விரட்டிவிட்டவன், ஒருத்தி 'இது தப்பு' என்று உள்ளேயே சண்டை போடுபவள் என்று வையுங்கள். அப்போதுதான் வெட்டுவதா, பேசுவதா என்று ஆடுபவர் திணறுவார். அதற்காகக் குற்றத்தை மூடி மறைக்க வேண்டாம். கர்ணனுக்காக அழும் அதே கூட்டம், துகிலுரிந்ததை மன்னிப்பதில்லையே!

'அந்த பிராஞ்ச் பசங்களே அப்படித்தான்' என்று நாமும் ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறோம். அடுத்த முறை சொல்லுமுன், அவர்களில் ஒருவனோடு டீ குடித்துப் பாருங்களேன்!