லோகோவில் நின்றுபோன போனுக்குள் இன்னொரு உயிர் இருக்கிறது, தெரியுமா?

தருமபுரி மாவட்டத்து அரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள செல்போன் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணா, ஆன் ஆகுது, ஆனா லோகோவிலேயே நிக்குது. போன் போயிடுச்சா?" கடைக்காரர் போனை வாங்கி, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடிக்கிறார். கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் ஒரு மெனு வருகிறது. போனின் இயங்குதளமே எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறதே, அப்படியென்றால் இந்த மெனுவை ஓட்டுவது யார்?

இன்னொரு இயங்குதளம்! ஆமாம், உங்கள் ஆண்ட்ராய்டு போன் கடையிலிருந்து வந்த நாளிலேயே அதற்குள் இரண்டாவதாக ஒரு குட்டி இயங்குதளமும் வந்துவிட்டது. அதன் பெயர்தான் ரெக்கவரி. பல போன்களில் அதற்கென்றே ஒரு லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதற்கென்று கைப்பிடி அளவு கோப்புகள். பெரிய சிஸ்டத்தில் எந்தக் கோப்பு கெட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இது அங்கிருந்து எதையுமே கடன் வாங்குவதில்லை. பல போன்களில் தொடுதிரை வேலை செய்யாமல் வால்யூம் பட்டனால் மேலும் கீழும் நகர்ந்து பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். உயிர் பிழைக்கத் தேவையானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுதப்பட்ட மென்பொருள் அது.

சிலருக்கு மெனுவே வராது. வயிறு திறந்து மல்லாந்து கிடக்கும் ஒரு ரோபோ, அதன் மேல் சிவப்பு முக்கோணம், கீழே 'நோ கமாண்ட்' என்று இரண்டு சொற்கள். எத்தனை பேர் இதைப் பார்த்துப் பதறிப் போனைக் கீழே வைத்திருப்பார்கள்! உண்மையில் அது நல்ல செய்தி. ரெக்கவரி நலமாக எழுந்துவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பவர் பட்டனைப் பிடித்தபடி வால்யூம் அப் பட்டனை ஒருமுறை தட்டினால் பெரும்பாலான போன்களில் மெனு வந்துவிடும்.

இப்போது அந்த மெனுவின் மிகப் பெரிய ஆச்சரியம். 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை அழுத்தினால் இயங்குதளம் புதிதாகப் பதியப்படுகிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். இல்லவே இல்லை! அது உங்கள் படங்கள், ஆப்கள், செட்டிங்குகள் இருக்கும் பகுதியை மட்டும் காலி செய்கிறது. ஆண்ட்ராய்டு இருக்கும் பகுதியை அது தொடுவதே கிடையாது. ஆண்ட்ராய்டு 12-ஓடு வாங்கி 14-க்கு அப்டேட் செய்த போனை ரீசெட் செய்து பாருங்கள், 14-ஆகத்தான் திரும்பி வரும். சிஸ்டம் பகுதியே கெட்டிருந்தால் நூறு தடவை ரீசெட் அடித்தாலும் லோகோவைத் தாண்டாது. படங்களும் போய், போனும் எழாமல் இரட்டை நஷ்டம். இதைத் தெரிந்துகொண்டாலே எத்தனையோ குடும்பங்களின் கல்யாணப் படங்கள் பிழைக்கும் என்பேன்.

உண்மையான மறுநிறுவல் வேறு வரியில் இருக்கிறது: 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி'. கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, தயாரிப்பு நிறுவனம் அந்த மாடலுக்கென்றே வெளியிட்ட முழு அப்டேட் கோப்பை உள்ளே தள்ளுவது. இந்த வழியில் சிஸ்டம் மட்டும் புதிதாகும், உங்கள் படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சாம்சங் போன்களுக்கு டவுன்லோட் மோடு என்று தனி வழி உண்டு. கடைக்காரர்கள் 'சாஃப்ட்வேர் போடணும்', 'பிளாஷ் அடிக்கணும்' என்று சொல்வது இந்த மாதிரி வேலைகளைத்தான். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணா, டேட்டா போகாம போட முடியுமா?"

எந்தக் கோப்பை வேண்டுமானாலும் தள்ளிவிட முடியுமா? முடியாது. ஒவ்வொரு அப்டேட் கோப்பிலும் நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்துப் பொருந்தாவிட்டால் ரெக்கவரி கதவைத் திறக்காது. அதோடு விடவில்லை: சிஸ்டம் பகுதி முழுவதும் 4,096 பைட் கொண்ட துண்டுகளாகப் பார்க்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எண், அந்த எண்களுக்கெல்லாம் மேலே இன்னொரு எண் என்று அடுக்கி, உச்சியில் ஒரே ஓர் எண்ணில் முடிகிறது. எங்கேயாவது ஒரே ஒரு பிட் மாறினால் உச்சி எண் பொருந்தாது! கோடிக்கணக்கான பிட்டுகளில் ஒன்றைத் திருத்தினாலும் போன் கண்டுபிடித்துவிடும். சில்லறைப் பணத்தில் வாங்கிய போனிலும் இந்தக் காவல் உண்டு என்பதுதான் என்னை அசர வைக்கிறது.

போன் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போகும், தெரியுமா? 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இல் 'ரெஸ்க்யூ பார்ட்டி' என்று ஓர் ஏற்பாடு சேர்ந்தது. சிஸ்டத்தின் மைய வேலைக்காரன் 5 நிமிடத்துக்குள் 5 முறைக்கு மேல் விழுந்து எழுந்தால், போன் தன் செட்டிங்குகளை ஒவ்வொன்றாக மீட்டுப் பார்க்கிறது. எதுவும் பலிக்காவிட்டால், யாரும் பட்டனைத் தொடாமலே ரெக்கவரிக்குள் போய் நின்று, "ரீசெட் செய்யட்டுமா?" என்று கேட்கிறது. அவசரப்பட்டு ஆமாம் சொல்லிவிடாதீர்கள், 'ட்ரை அகெய்ன்' என்ற வரியை முதலில் தேர்ந்தெடுங்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, ஆண்ட்ராய்டு 7-இல் வந்தது இன்னும் அழகான யோசனை: சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடம். நீங்கள் ஏ-யில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பி-யில் புது அப்டேட் பதிந்துகொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் பி எழும். அது எழ முடியாமல் தடுமாறினால் போன் சத்தமில்லாமல் ஏ-க்கே திரும்பிவிடும்.

சரி, அந்த ரெக்கவரியே அழிந்துபோனால்? கறுப்புத் திரை, லோகோகூட இல்லை, கடையில் 'டெட்' என்று சொல்லும் நிலை. அப்போதும் ஒன்று மிச்சமிருக்கிறது! பிராசஸர் சில்லுக்குள், அது தயாரான ஆலையிலேயே செதுக்கப்பட்ட ஒரு சிறு நிரல். அதை வைரஸ் அழிக்க முடியாது, அப்டேட் மாற்ற முடியாது, செய்த நிறுவனமே நினைத்தாலும் திருத்த முடியாது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது அதுதான். மேலே ஒன்றுமே கிடைக்கவில்லையென்றால் அது யுஎஸ்பி கேபிள் பக்கம் திரும்பி, யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா என்று காத்திருக்கும். குவால்காம் சில்லுள்ள போனைக் கம்ப்யூட்டரில் செருகினால் அப்போது '9008' என்ற எண்ணோடு தெரியும். சர்வீஸ் தெரிந்தவர்கள் பின்மூடியைத் திறந்து, போர்டில் இரண்டு நுண்புள்ளிகளை ட்வீசரால் ஒரு கணம் தொட்டு, போனை இந்த நிலைக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டுவருவதும் உண்டு. 'டெஸ்ட் பாயின்ட் ஷார்ட்' என்பார்கள். ஊசி முனை அளவு இடம், நடுங்காத கை வேண்டும்.

ஐபோனிலும் இதே கதைதான், அங்கே அதன் பெயர் டிஎஃப்யூ. கேபிளும் கம்ப்யூட்டரும் படமாக வந்தால் ரெக்கவரி. திரை கறுப்பாகவே இருந்தும் கம்ப்யூட்டர் போனை அடையாளம் கண்டால் டிஎஃப்யூ. ரெக்கவரியில் 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தால் டேட்டாவை விட்டுவைத்து இயங்குதளத்தை மட்டும் திரும்பப் பதியும், 'ரீஸ்டோர்' என்றால் மொத்தமும் காலி. திருத்த முடியாத நிரலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: 2019 செப்டம்பரில் ஓர் ஆராய்ச்சியாளர் அந்த நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து 'செக்மேட்' என்று பெயரிட்டு வெளியிட்டார். ஐபோன் 4எஸ்-இல் தொடங்கி ஐபோன் எக்ஸ் வரை எல்லாவற்றிலும் அந்த ஓட்டை. செதுக்கியதை மாற்ற முடியாதே! அந்த போன்களில் அது இன்றைக்கும் இருக்கிறது.

இந்த ரெக்கவரி வித்தை செவ்வாய்க் கிரகத்தில் நடந்த கதை தெரியுமா? 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி அங்கே இறங்கியது. மூன்று வாரம் முடிவதற்குள் பேச்சு நின்றுபோனது. ஃபிளாஷ் மெமரியில் கோப்புகள் பெருகி, அவற்றின் பட்டியலை ஏற்றவே ரேம் போதாமல், கணினி விழுவதும் எழுவதுமாக 60 முறைக்கு மேல் ரீபூட் ஆகியிருந்தது. நம்மூரில் சொல்வதானால், லோகோவிலேயே நின்றது! இரவில் உறங்க முடியாமல் பேட்டரியும் இறங்கிக்கொண்டே போனது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்தியின் வால்யூம் பட்டனை யார் அழுத்துவது? பொறியாளர்கள் ரேடியோவில் ஒரு கட்டளை அனுப்பினார்கள்: ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு. எழுந்தது! தேவையற்ற கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் ஃபிளாஷை ஃபார்மேட் செய்தார்கள். 90 செவ்வாய் நாட்களுக்காகச் செய்யப்பட்ட அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலமும் இப்படித்தான். 2023 நவம்பரில் ஒரு மெமரி சில்லு கெட்டு அர்த்தமில்லாத சிக்னலை அனுப்பத் தொடங்கியது. 2,400 கோடி கிலோமீட்டர் தூரம், ஒரு கட்டளை போய்ச் சேரவே ஏறத்தாழ இருபத்திரண்டரை மணி நேரம். கெட்ட இடத்தில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி எழுதி, 2024 ஏப்ரலில் அதை மறுபடி பேச வைத்தார்கள்.

மறுபடி அரூருக்கு வருவோம். சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருபவருக்குப் போன்தான் வங்கி, போன்தான் ஓடிபி, போன்தான் பேரப்பிள்ளையின் முகம். ரீசெட் அடித்தபின் அந்தப் படங்களை எடுக்க முடியுமா என்று கேட்டால், பதில் முடியாது என்பதுதான். ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்களில் தொடங்கி எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகின்றன. வேகம் குறைந்த மலிவு விலைப் போன்களாலும் இந்தப் பூட்டைத் தாங்க முடிய வேண்டும் என்பதற்காகவே கூகுள் 2019-இல் 'அடியாண்டம்' என்ற தனி முறையை வெளியிட்டது. ரீசெட் செய்வது இரும்புப் பெட்டியின் ஒரே சாவியை உருக்கிவிடுவது மாதிரி. பூட்டின் சாவி 256 பிட். வரக்கூடிய சாவிகளின் மொத்த எண்ணிக்கை 78 இலக்க எண்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது. எனவே இன்றைக்கே, போன் நலமாக இருக்கும்போதே, கூகுள் போட்டோஸிலும் வாட்ஸ்அப்பிலும் பேக்கப்பை ஆன் செய்து வையுங்கள்.

ரெக்கவரியை ஆர்வலர்கள் கைப்பற்றிய கதை ஆண்ட்ராய்டின் முதல் போனில் தொடங்குகிறது. அது எது தெரியுமா? எச்டிசி தயாரித்து 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜி1. அதில் ஒரு விசித்திரப் பிழை இருந்தது. நீங்கள் எந்த ஆப்பில் எதைத் தட்டினாலும் அது உள்ளே ஓடும் முழு அதிகாரமுள்ள கட்டளைத் திரைக்கும் போய்க்கொண்டிருந்தது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் 'ரீபூட்' என்ற சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் போன் நிஜமாகவே ரீபூட் ஆகிவிடும்! அந்த ஓட்டை வழியாக நுழைந்த ஆர்வலர்கள் ரெக்கவரியையே மாற்றி எழுதினார்கள். 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற மாற்று இயங்குதளம், கௌஷிக் தத்தாவின் க்ளாக்வொர்க்மாட் ரெக்கவரி, பிறகு டிடபிள்யுஆர்பி ரெக்கவரி என்று ஒரு பெரிய உலகமே கிளைத்தது.

அந்த உலகத்துக்குள் தமிழர்கள் போனதற்குத் தனிக் காரணம் ஒன்று இருந்தது. 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 வரும் வரை பல போன்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. ஓபரா மினியில் எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும் செட்டிங்கைத் தேடிப் பிடித்துத் தமிழ் படித்தார்கள். அதுவும் போதாதவர்கள் போனை ரூட் செய்து, அதாவது அதன் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து, தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தார்கள். தாய்மொழியில் நாலு வரி படிக்க வேண்டும் என்பதற்காகப் புதுப் போனின் வாரன்டியைப் பணயம் வைத்த அந்த இளைஞர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம்மூர் ஆர்வம் எழுத்துருவோடு நிற்கவில்லை: 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த ஒரு நிறுவனம் 'பாரோஸ்' என்ற இயங்குதளத்தையே அறிமுகப்படுத்தியது. முன்கூட்டியே திணித்த ஆப் எதுவும் இல்லாமல் வருவது அதன் சிறப்பு.

பிளாஷ் அடிக்கும்போது தவறு நடந்தால் என்ன ஆகும்? மீடியாடெக் போன்களில் 'ஃபார்மேட் ஆல்' என்று ஒரு தேர்வு உண்டு. அவசரத்தில் அதை அழுத்தினால் போன் எழும், சிம் கார்டு மட்டும் வேலை செய்யாது. ஐஎம்இஐ எண் இருந்த பகுதியும் சேர்ந்து அழிந்திருக்கும். *#06# தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த இடத்தில் வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். சாம்சங் போன்களில் அதிகாரப்பூர்வமற்ற மென்பொருளைப் போட்டால் சில்லுக்குள் ஒரு நுண்ணிய ஃபியூஸ் எரிந்துவிடும். பிறகு அசல் மென்பொருளையே திரும்பப் போட்டாலும் எரிந்தது எரிந்ததுதான்.

பழைய போன் வாங்குபவர்களுக்கு ஒன்று. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து, ரெக்கவரி வழியாக ரீசெட் செய்த போன் எழுந்ததும் பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கையோ திரைப் பூட்டையோ கேட்கும். திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்கான பூட்டு அது. செட்டிங்ஸ் உள்ளே போய், பேட்டர்னைப் போட்டு ரீசெட் செய்தால் அந்தப் பூட்டு தானே விலகிவிடும். ஆகவே விற்பவரை உங்கள் கண்ணெதிரே செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். போன் எழுந்து, உங்கள் கணக்கை ஏற்று, முகப்புத் திரை வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.