பத்துக்குப் பத்து ரூம்ல ஒரு ரேஸ் கார்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியா பசங்களுக்கு சக்கரம் புதுசு இல்லை. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினது அம்பத்தூர்ல. ராணுவ டேங்க் தயாராவது ஆவடியில. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேயைப் பிடிச்சா, 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்! ஆனா என்ன... கேலரியில உட்கார்ந்து விசில் அடிக்கிறதோட நம்ம ரேஸ் முடிஞ்சுடுது. கார், டயர், லைசென்ஸ், என்ட்ரி ஃபீஸ்னு கணக்குப் போட்டா, இன்ஜினீயரிங் ஃபீஸே சல்லிசுன்னு தோணும்.

‘அதுக்காகக் கனவை மூட்டை கட்டணுமா பாஸ்?’னு கூப்பிடுது சிம் ரேசிங். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ, ‘கிரான் டூரிஸ்மோ’ கேம் ஆடி 2011-ல் ஜி.டி. அகாடமி போட்டியில ஜெயிச்சவர். 2013-ல் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல நிஜ காரே ஓட்டிட்டார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனா, நிஜ ரேஸர் எப்படி யோசிக்கிறார்னு கத்துக்க ஒரு கம்ப்யூட்டரும், ஒரு காக்பிட்டும் போதும்.

முதல்ல சட்டம், அப்புறம்தான் சக்கரம்!

காக்பிட்னா பெருசா எதுவும் இல்லை. சீட், ஸ்டீயரிங், பெடல் மூணையும் அசையாமப் பிடிச்சு வைக்கிற ஒரு சட்டம். நிறைய பேர் காசை எல்லாம் ஸ்டீயரிங்ல கொட்டிட்டு ரோலிங் சேர்ல உட்கார்றாங்க. பிரேக்கை மிதிச்சா கார் நிக்குதோ இல்லையோ, இவங்க பின்னாடி போயிடுவாங்க. நியூட்டனோட மூணாம் விதி மக்களே!

ஒரு இன்ச் ஸ்கொயர் பைப், 2 எம்.எம். கனம்... இதுதான் நம்ம ஆளு. 20 அடி லெங்த் ஒண்ணு சுமார் 9 கிலோ வரும். விலையும் கிலோ கணக்குதான். நாலடி நீளம், ரெண்டடி அகலத்துக்கு ரெண்டு லெங்த் தாராளம். அளவு எழுதின டிராயிங்கோட கிரில் கேட் செய்ற பட்டறைக்குப் போங்க. ‘ஏதோ சேர் மாதிரி’ன்னு வாயால சொன்னா, ஊஞ்சல்தான் கிடைக்கும்!

சீட் பாதி, பெடல் பாதின்னு ரெண்டு துண்டா செஞ்சு போல்ட் போட்டு இணைக்கணும். ஸ்டீயரிங் நிக்கிற கம்பத்துக்குக் கீல் வெச்சா மடங்கிடும். ஆட்டம் முடிஞ்சதும் முன்பாதி கட்டிலுக்கு அடியில! சீட்டுக்குப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கு. பழைய மாருதி 800 சீட், ரெயிலோட கேட்டு வாங்குங்க. உயரமான ஃப்ரெண்டும் உட்காரலாம்ல!

பிரேக்குல இருக்கு சூட்சுமம்

பெடல் எவ்வளவு தூரம் போச்சுங்கிறதைவிட, எவ்வளவு அழுத்தினோம்கிறதைத்தான் கால் நல்லா நினைவு வெச்சுக்கும். விலை குறைஞ்ச பெடல்கள் தூரத்தை அளக்குது. ‘லோட் செல்’ பெடல் அழுத்தத்தை அளக்குது. அண்ணாச்சி கடை எலெக்ட்ரானிக் தராசுல இருக்கே, அதே சமாச்சாரம்தான். பட்ஜெட் உதைக்குதா? பெடல் ஸ்பிரிங்குக்குள்ள ஒரு கெட்டியான ரப்பர் துண்டு வெச்சுப் பாருங்க. ஒவ்வொரு லேப்லயும் ஒரே அழுத்தத்துல மிதிக்கிறது ஈஸியாகும்.

ஸ்டீயரிங் செகண்ட் ஹேண்ட்ல போதும். வாங்கும்போது கண்டிப்பா கரன்ட் கொடுத்துப் பாருங்க. லாஜிடெக் ஜி29 மாதிரி வீல், பிளக் பண்ணினதும் தானாவே இடம் வலம் சுத்தி நடுவுல நிக்கணும். கரகரன்னு சத்தம் வந்தா, ‘வர்றேண்ணே’ன்னு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

சின்ன ரூம்... பெரிய வரம்!

60 செ.மீ. தூரத்துல வெச்ச 24 இன்ச் மானிட்டரும், 120 செ.மீ. தூரத்துல வெச்ச 48 இன்ச் டி.வி-யும் கண்ணுக்கு ஒரே அளவுதான். ரூம் சின்னதுன்னு வருத்தப்படாம மானிட்டரை ஸ்டீயரிங்குக்குப் பின்னாலேயே ஒட்டி வைங்க. கேம்ல ‘ஃபீல்ட் ஆஃப் வியூ’ அளவையும் அதுக்குத் தக்க மாத்துங்க. அப்பதான் வளைவு நிஜ அளவுல தெரியும், எங்கே பிரேக் அடிக்கணும்னு கணக்கும் பிடிபடும். கீழ் வீட்டு ஓனர் கதவைத் தட்டாம இருக்க, சட்டத்துக்கு அடியில தடிமனான ரப்பர் மேட் அவசியம்.

கடைசியா ஒரு விஷயம். செமஸ்டர் ஃபீஸுல கை வைக்காதீங்க, இ.எம்.ஐ. பக்கமும் போகாதீங்க. நாலு பேர் சேர்ந்து காசு போட்டா ஒரு காக்பிட் போதும். ‘லைவ் ஃபார் ஸ்பீட்’ டெமோ இலவசம், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும்.

வளைவுல உடம்பை இழுக்கிற விசையை இந்த இரும்புச் சட்டம் தராதுதான். ஆனா சட்டம் எங்கே வளையுது, எங்கே இன்னொரு கம்பி கொடுக்கணும்னு யோசிக்க ஆரம்பிச்சா, புத்தகத்துல படிச்ச ‘ஸ்ட்ரெஸ்’ கண் முன்னாடி நிக்கும். காலேஜ் டீம்கள் சொந்தமா ரேஸ் கார் செஞ்சு மோதுற ஃபார்முலா பாரத் போட்டிக்கு உங்க காலேஜ்லயும் ஒரு டீம் இருக்கலாம். அவங்ககிட்ட போய், ‘எனக்கு என்ன தெரியும்’னு காட்ட, கையில ஒரு டிராயிங்கும், கட்டிலுக்கு அடியில ஒரு காக்பிட்டும் இருக்கே... அப்புறம் என்ன, கியரைப் போடுங்க பாஸ்!