கொள்ளைநோயும் தொடர்பு வலையும்

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் புகுவதையும், அங்கிருந்து தப்பியோடுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். முதல் தடையின் நியாயம் எளிதில் விளங்கும். நோயற்றவரும் ஏன் வெளியேறலாகாது? மார்க்க அறிஞர்கள் இதற்குப் பல காரணங்கள் கூறியுள்ளனர். கணிதமும் ஒன்றைக் கூறுகிறது.

1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் மக்களை நோய்க்கு ஆளாகக்கூடியோர், நோயுற்றோர், நோயினின்று நீங்கியோர் என வகுத்துச் சமன்பாடுகள் அமைத்தனர். ஆயினும் அவற்றில் எவரும் எவரோடும் சமமாகக் கலப்பதாகவே கொள்ளப்பட்டது. உண்மையில் ஒவ்வொருவரும் சிலரோடு மட்டுமே பழகுகிறோம். மனிதரைப் புள்ளிகளாகவும் பழக்கத்தைக் கோடுகளாகவும் வரைந்தால் ஒரு வலை கிடைக்கும்.

அண்டை அயலாரை மட்டும் இணைக்கும் வலையில் நோய் மெல்லவே நகரும். அதில் தொலைதூரப் புள்ளிகளை இணைக்கும் சில கோடுகள் சேர்ந்தாலே அது வெகு விரைவாகப் பரவும் என்பதை 1998-இல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் ஆகியோர் காட்டினர். தப்பியோடுபவர் அத்தகைய நெடுங்கோடாகிறார். நோய் உள்ளே அரும்பியிருக்கும் நாட்களில் அவர் தம்மை நலமுடையவராகவே எண்ணுவார்.

எனவே ஊரில் தங்குபவர், தாம் காணாத ஊர்களையும் காக்கிறார். அல்லாஹ் விதித்ததே நேரும் என்று நம்பிப் பொறுமையுடன் தங்குவோருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டென ஹதீஸ் கூறுகிறது. அவர்களுக்கு உணவும் மருந்தும் சேர்ப்பது வெளியிலுள்ளோர் பொறுப்பாகும்.