சரவெடிக்குத் தடை: அடுப்பு அணைந்த 4 மாதம்!

விருதுநகர்: தீபாவளிக்கு வாசலில் சரம் வெடிக்கிறோமே, அதைப் பின்னியது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். அந்தப் பிழைப்பில்தான் 2018-ல் மண் விழுந்தது.

டெல்லியில் புகை தாங்கவில்லை என்று 3 கைக்குழந்தைகள் பெயரில் 2015-ல் போட்ட வழக்கு. 2018 அக்டோபர் 23-ந் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடி கூடாது, பேரியம் நைட்ரேட்டும் கூடாது என்று சொல்லிவிட்டது. பேரியம் இல்லாமல் மத்தாப்பு ஏது, புஸ்வாணம் ஏது என்றார்கள் முதலாளிகள். தீபாவளி முடிந்த கையோடு ஆலைகளை இழுத்து மூடினார்கள்.

பட்டினி கிடந்தது கூலிக்காரன்! ஆலையைத் திறக்கச் சொல்லி ஆணும் பெண்ணுமாகக் கலெக்டர் ஆபீசில் திரண்டார்கள். 2019 மார்ச்சில்தான் கதவு திறந்தது.

திறந்து? பழையபடி எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை ஓடினால்தான் காசு. மருந்து அறைக்கு 4 பேர் என்பது விதி. சீசன் நெருங்கிவிட்டால் மரத்தடியில்கூட வேலை நடக்கும். அதிகாரிகள் கண்ணில் அதெல்லாம் படாதாக்கும்!

2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் பலி. குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சம், மத்திய அரசு 2 லட்சம் ரூபாய் அறிவித்தன.