ஓடும் திசையே உத்தரவு

அமெரிக்காவில் தச்சர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எனப் பலருக்கும் பிக்கப் டிரக்தான் பட்டறை. டிரைவர் கேபினுக்குப் பின்னால், சரக்குத் தொட்டியின் குறுக்கே ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். டிரில்லிங் மெஷின், ஸ்பேனர் செட், ரம்பம் எல்லாம் அதற்குள். ரிமோட்டை அழுத்தினால் கதவுகள் பூட்டிக்கொள்ளும்; பெட்டியை மட்டும் சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். மறந்துவிட்டால் ஒருவரின் பிழைப்பே திறந்து கிடக்கும்.

அந்தப் பெட்டியையும் அதே பொத்தானுக்குப் பணிய வைக்கலாம். அதற்குப் பெட்டிக்குள் ரேடியோ ரிசீவர் எதுவும் வேண்டாம் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

கதவுக்குள் பூட்டை நகர்த்தும் சிறு மோட்டாருக்குப் பெரும்பாலும் இரண்டே வயர்கள். சும்மா இருக்கும்போது இரண்டுமே எர்த்தில் இருக்கும். பூட்டும்போது ஒன்றில் மட்டும் 12 வோல்ட் ஏறும். மின்சாரம் மோட்டார் வழியாக மற்றதில் இறங்கும். திறக்கும்போது அதில் ஏறி இதில் இறங்கும். மின்சாரத்தின் திசை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றி, ஒரு கம்பியைச் சுமார் 2 செ.மீ. தள்ளும், அல்லது இழுக்கும். ஒரு நொடிக்குள் மின்சாரம் நின்றுவிடும். நிற்காவிட்டால், நகர இடமில்லாமல் முட்டி நிற்கும் மோட்டாரின் சுருள் கருகிவிடும்.

பெட்டியிலும் இப்படி ஒரு மோட்டாரைப் பொருத்தி, கதவு வயர்களில் நேரே முடிந்துவிடலாமே? வேலை செய்யலாம். ஆனால் மோட்டார் சில ஆம்பியர் இழுக்கும். கதவுக்கென்று அளந்து செய்த சுற்றுக்கு அது கூடுதல் சுமை. அதனால் நடுவே, சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே இரண்டை வைப்பார்கள், வயருக்கு ஒன்றாக. ரிலேயின் சுருளுக்குச் சுமார் 0.15 ஆம்பியர் போதும். மோட்டாருக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி வயரில் வரும். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும்: வயர் சேசிஸில் உரசி உரசித் தோல் தேய்ந்தால், தீப்பிடிப்பதற்கு முன்பே ஃபியூஸ் போய்விடும்.

தனி ரிமோட்டோடு வரும் மலிவான செட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அவற்றில் சில, ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்புகின்றன. பக்கத்தில் நின்று அதைப் பதிவுசெய்தவர் மறுநாள் அதையே அனுப்பிப் பெட்டியைத் திறந்துவிடலாம். வண்டியின் சொந்த ரிமோட்டோ அழுத்தும்தோறும் குறியீட்டை மாற்றுகிறது. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995-ல் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த 'கீலாக்' இந்த வகையில் பெயர்பெற்றது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒன்று கூடும் ஓர் எண்ணை, 64 பிட் ரகசியச் சாவியால் மறைத்து அனுப்பும். கடந்துபோன எண் திரும்ப வந்தால் வண்டி ஏற்காது. குழந்தை எங்கோ உட்கார்ந்து ரிமோட்டைப் பத்து முறை அழுத்தி விளையாடினாலும் பாதகமில்லை. வழக்கமான அமைப்பில், அடுத்து வரும் 16 எண்கள் வரை வண்டி தயங்காமல் ஏற்கும். கதவு வயரிலிருந்து உத்தரவு பெறும் பெட்டிக்கு இந்தக் காவல் முழுவதும் செலவில்லாமல் கிடைக்கிறது.

பெட்டியின் பழைய சாவிப் பூட்டை மட்டும் கழற்றிவிடக் கூடாது. டிரக்கின் பேட்டரி இறங்கிவிட்டால் ரிமோட்டும் ரிலேயும் உதவாது. ஜம்பர் கேபிள் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.