கப்பலின் விதி வேறு, கரையின் விதி வேறு

பெங்களூர் வைட்ஃபீல்டிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அங்குள்ள ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சொகுசுக் கப்பல் இன்று எட்டாத கனவில்லை. சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து கப்பல். விசா, டிக்கெட், அறை என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்ப்பவர்கள் தடுப்பூசி விதியை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பணம் கையைவிட்டுப் போவது அங்கேதான்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள்; 700க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. அதில் இருந்த இந்தியர்கள் 138 பேர், பெரும்பாலும் ஊழியர்கள். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற கோர்டிலியா கப்பலில் சுமார் 2,000 பேரைப் பரிசோதித்ததில் 66 பேருக்குத் தொற்று உறுதியானது. கப்பல் மும்பைக்கே திரும்பியது.

இத்தகைய அனுபவங்களால்தான் தடுப்பூசிச் சான்றிதழும் பயணச்சீட்டைப் போலவே கட்டாயமானது. பிறகு அதே வேகத்தில் தளர்ந்தது. நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் 2022 அக்டோபர் 4 முதல் தடுப்பூசி, பரிசோதனை, முகக்கவசம் எல்லாவற்றையும் கைவிட்டது. ஆனால் விமானத்தில் அமெரிக்கா வரும் வெளிநாட்டவர் கொரோனா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற அந்நாட்டின் விதி 2023 மே 11 வரை நீடித்தது. இடைப்பட்ட ஏழு மாதங்களில், கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பை மட்டும் நம்பி மியாமிக்குக் கிளம்பும் இந்தியரை விமான நிலையத்திலேயே நிறுத்தியிருக்க முடியும்.

எந்தத் தடுப்பூசி என்பதும் முக்கியம். கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பயன்பாட்டு ஒப்புதல் 2021 நவம்பர் 3 அன்றுதான் கிடைத்தது. அதுவரை இரண்டு தவணையும் முடித்தவர்கூடப் பல நாடுகளின் கணக்கில் தடுப்பூசி போடாதவரே.

கொரோனா விதிகள் தளர்ந்தாலும் மஞ்சள் காய்ச்சல் விதி தளரவில்லை. அந்த நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, பெங்களூரின் பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரிலும் வளர்கிறது. வைரஸ் ஒருமுறை நுழைந்தால் பரவ வழி தயாராக இருக்கிறது. அதனால்தான் மத்திய அரசு இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறது. பிரேசில், கென்யா போன்ற அபாயப் பட்டியல் நாடுகளை விட்டுக் கிளம்பிய ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் வருபவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். அந்த நாடுகளின் துறைமுகத்தைக் கடந்த 30 நாட்களுக்குள் தொட்ட கப்பலில் இந்தியா வருபவருக்கும், கப்பலில் முறைப்படி கொசு ஒழிப்பு நடந்திராவிட்டால், இதே கதிதான். ஏறும்போது கப்பல் கேட்காத சான்றிதழை, திரும்பும்போது சொந்த நாடு கேட்கும்.

தீர்வு எளிது. ஒரே ஊசி, பத்தாம் நாளிலிருந்து சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழான மஞ்சள் புத்தகம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவர் கையொப்பம், மைய முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்த அப்பா பெயர் என்று இருந்தால், சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரட்டும். முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்புசக்திக் குறைவோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைக் கடந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஊசி போட மறுக்க உரிமை உண்டா? உண்டு. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது. பொதுநலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. இன்னொரு நாட்டின் குடியேற்ற அதிகாரியை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

பயண ஏஜென்ட் விதியை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ பயணி கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், வைட்ஃபீல்டில் வசிப்பவர் பெங்களூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

ஆனால் வாய்வார்த்தையை வைத்து வழக்கை நிரூபிப்பது கடினம். ஆகவே முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: கப்பல் என்ன கேட்கிறது, வழியில் தொடும் நாடுகள் என்ன கேட்கின்றன, திரும்பும்போது இந்தியா என்ன கேட்கும்? விதி மாறினால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கிளம்பும் வாரத்தில் அரசு இணையதளங்களில் ஒருமுறை சரிபாருங்கள். பதிவு செய்த நாளின் விதியை அல்ல, பயண நாளின் விதியைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள்.