ஊருக்குச் செய்தி, ஒருவருக்கு மணி

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் மகனோ, மகளோ, மருமகளோ இருக்கிறார்கள். "இந்த வாரம் எனக்கு ஆன்-கால்" என்று அவர்கள் சொல்வதைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த வாரம் முழுவதும் தலையணைக்கு அருகிலேயே கைப்பேசி. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் தோளில் லேப்டாப் பை. நள்ளிரவில் மணி ஒலித்தால் எழுந்து உட்கார்ந்தாக வேண்டும். "இதென்ன உத்தியோகம்? ஒரு ஈ-மெயில் போட்டுவிட்டால் காலையில் எழுந்து பார்க்க மாட்டார்களா?" என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வதும் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடினால் நம் சங்கங்களுக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது.

படிக்கப்படாத 97 கடிதங்கள்

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்றொரு பெரிய பங்கு வணிக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் புதிய திட்டம் ஒன்று தொடங்கவிருந்தது. அதற்காக அந்நிறுவனம் தன் மென்பொருளை மாற்றியது. எட்டு சர்வர்களில் ஏழில் புதிய மென்பொருள் ஏறியது. எட்டாவது விடுபட்டுப் போயிற்று. 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய நிரல் ஒன்று அதில் உறங்கிக் கிடந்தது. காலை 9.30-க்குச் சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு, நிற்காமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகள்! நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து தன் தனித்த வாழ்வை முடித்துக்கொண்டது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இன்னொரு விவரம் இருக்கிறது. அன்று காலை எட்டு மணி முதலே, அதாவது சந்தை திறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே, நிறுவனத்தின் கணினி 97 மின்னஞ்சல்களை ஊழியர் குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தது. அந்தப் பழைய நிரலின் பெயர்கூட அவற்றில் இருந்தது. ஆனால் அவை எச்சரிக்கை என்ற நோக்கில் அமைக்கப்பட்டவை அல்ல. வந்தவுடன் எடுத்துப் படிக்கும் வழக்கமும் அங்கு இல்லை. கடிதம் எல்லோருக்கும் போயிற்று. எழுந்து வந்தவர் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கொரு குடம் பால் கொண்டுவந்து இரவில் குளத்தில் ஊற்றச் சொன்ன அரசன் கதை நமக்குத் தெரியும். மற்றவர்கள் பால் ஊற்றுவார்கள், நாம் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைக்க, விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர். குழுவுக்குப் போகும் மின்னஞ்சலின் கதியும் இதுதான்.

மணி அடிக்கும் முறை

இக்குறையைத் தீர்க்கவே எச்சரிக்கைக் கருவிகள் தோன்றின. இவற்றுள் பெயர் பெற்றது பேஜர்ட்யூட்டி. 2009-ல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் அலெக்ஸ் சாலமன், ஆண்ட்ரூ மிக்லாஸ், பாஸ்கர் புவனதாசன் ஆகிய மூவர். தொண்ணூறுகளில் மருத்துவர்களும் தொழிலதிபர்களும் இடுப்பில் செருகியிருந்த பேஜரை நினைவூட்டும் பெயர் இது.

இதில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, முறைப் பட்டியல். இந்த வாரம் யார், அடுத்த வாரம் யார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, ஒப்புதல். பிழை நேர்ந்ததும் முறைக்காரரின் கைப்பேசி ஒலிக்கும். "நான் பார்க்கிறேன்" என்று அவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாவது, மேலே ஏறுதல். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, குறித்த நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் மணி அடுத்தவருக்குப் போகும். அவரும் எடுக்காவிட்டால் மேலாளருக்கு. சுருங்கச் சொன்னால், மின்னஞ்சல் என்பது செய்தி. மணி என்பது அழைப்பு. முன்னதற்கு வாசகர் போதும், பின்னதற்குப் பொறுப்பாளர் வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் தையல்

அப்படியானால் குழு மின்னஞ்சலே வேண்டாமா? வேண்டும். பிழையைச் சரிசெய்பவர் ஒருவர். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பலர். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவருக்கும் கிளை மேலாளருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டாமா?

இங்கேதான் நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்தக்கூடிய இணைப்புச் சேவைகள் உதவுகின்றன. 2011-ல் தொடங்கிய ஜேப்பியர், மைக்ரோசாப்டின் பவர் ஆட்டோமேட் போன்றவை இவ்வகை. "இது நடந்தால் அதைச் செய்" என்பதே இவற்றின் இலக்கணம். திரையில் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் "பேஜர்ட்யூட்டியில் புதிய பிழை பதிவானால்" என்று தேர்ந்தெடுக்கிறோம். இரண்டாவதில் "இன்ன குழு முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பு" என்கிறோம். பிழை என்ன, எப்போது நேர்ந்தது, யார் பார்க்கிறார்கள் என்ற விவரங்கள் கடிதத்தில் தாமே வந்து அமர்ந்துகொள்ளும்.

எதிர்த்திசையிலும் இணைக்கலாம். எச்சரிக்கைக் கருவி தனக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி தருகிறது. அதற்குக் கடிதம் வந்தால் மணி அடிக்கும். கூகிள் குரூப்ஸ் குழு ஒன்றில் அந்த முகவரியையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டால், குழுவுக்கு வரும் கடிதம் முறைக்காரரை எழுப்பிவிடும். வெளி முகவரிகளைச் சேர்க்கவும், வெளியிலிருந்து கடிதம் வரவும் குழுவின் அமைப்பில் அனுமதி தரவேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

இத்தையலைப் போடுவோர் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று: மணி அடிக்கும் வழி நேர்வழியாக இருக்கட்டும். இணைப்புச் சேவைகள் சில நேரங்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். செய்தி தாமதமானால் பாதகமில்லை. அழைப்பு தாமதமாகக் கூடாது.

இரண்டு: வட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கடிதம் வந்தால் மணி, மணி அடித்தால் அதே குழுவுக்குக் கடிதம் என்று இரு திசையும் ஒரே முகவரியில் முடிந்தால், ஒரு பிழை நூறு பிழையாகப் பெருகும். அழைப்புக்கு ஒரு முகவரி, செய்திக்கு வேறு முகவரி என்று பிரித்துவிடுவது நல்லது.

மூன்று: எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். சில்லறைப் பிழைகளை வடிகட்டாவிட்டால் குழுவினர் கடிதங்களைத் திறவாமலே ஒதுக்கப் பழகிவிடுவார்கள். அப்புறம் 98-ஆவது கடிதத்தையும் யாரும் படிக்கமாட்டார்கள்.

நான்கு: இணைப்பு பெரும்பாலும் ஒரு தனி மனிதரின் கணக்கில் நிற்கிறது. அவர் வேலையை விட்டுப் போனாலோ கடவுச்சொல்லை மாற்றினாலோ, சத்தமில்லாமல் நின்றுவிடலாம். மாதம் ஒருமுறை சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்ப்பது அவசியம்.

நம் சங்கங்களுக்கு

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு, இரவில் ஒரு நெருக்கடி என்றால் ஓடிவர அத்தையும் மாமாவும் பக்கத்துத் தெருவில் இல்லை. சங்கம்தான் உறவு. ஊரிலிருந்து வந்த தகப்பனாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி, மருத்துவமனையில் இரத்தம் தேவை, இறுதிச் சடங்குக்கு ஆள் தேவை என்றால் என்ன செய்கிறோம்? சங்கத்தின் குழு முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுகிறோம். இருநூறு வீட்டாரும் பார்க்கிறார்கள். "செயலாளர் போயிருப்பார்", "பக்கத்திலிருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்" என்று நல்லெண்ணத்தோடுதான் நினைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால் ஒருவரும் போயிருக்கவில்லை என்ற நிலை வரலாம். இது மனமில்லாமையால் வருவது அல்ல, முறையில்லாமையால் வருவது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு குடும்பங்கள் என்று முறைப் பட்டியல் போடலாம். உதவி கேட்கும் கடிதம் வந்தால் அனைவருக்கும் செய்தியும், முறைக்காரருக்கு மணியும் போகும்படி நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இணைத்துத் தந்துவிடுவார்கள். சிறு குழுக்களுக்குக் கட்டணமில்லாத திட்டங்களும் இருக்கின்றன. கருவி வேண்டாம் என்போர் அறிவிப்புப் பலகையில் அவ்வார முறைக்காரரின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தாலும் போதும். உயிர் காக்கும் அவசரத்தில் முதல் அழைப்பு 112-க்குத்தான் என்பதையும் அதனருகே எழுதி வையுங்கள்.

நள்ளிரவில் எழுந்து உட்காரும் பிள்ளையைப் பார்த்து வருந்தும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அவன் விழித்திருப்பதால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் விழித்திருக்க, அவன் தூங்குவான். முறை வைத்து விழிப்பதில் இழிவொன்றுமில்லை. நம் சங்கத்திலும் அப்படி ஒரு பட்டியல் போட்டால், இந்த வாரம் யார் வீட்டில் மணி அடிக்க வேண்டும்? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பெயர் கொடுக்க முன்வாருங்கள்.